புதிதாகப் பச்சை குத்திய கையுடன் மழையில் கொழுந்து பறிக்கலாமா? ஆலோசனை தேவை

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் என் தங்கை, காலஞ்சென்ற எங்கள் அம்மாவின் பெயரை முன்கையில் பச்சை குத்திக்கொள்ள விரும்புகிறாள். புதிய ஊசியும் புதிதாக ஊற்றிய மையும் கையுறையும் பயன்படுத்தும் இடத்துக்கே செல்வோம். கல்லீரலைத் தாக்கும் கிருமிகள் பழைய ஊசியால் பரவக்கூடும் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

எங்கள் கவலை அதன் பிறகான நாட்களைப் பற்றியது. மேற்தோல் ஆற 2 முதல் 4 வாரங்கள் வரை ஆகும் என்பதும், மென்மையான சவர்க்காரத்தால் கழுவி, ஈரத்தை ஒற்றியெடுத்து, வாசனையற்ற களிம்பை மெல்லியதாகப் பூச வேண்டும் என்பதும், பொருக்கை உரிக்கக் கூடாது என்பதும் அறிந்ததே. ஆனால் தென்மேற்குப் பருவமழையில் நனைந்தபடி, தேயிலைக் கிளைகள் முன்கையை ஓயாமல் உரசும் வேலையில், காயத்தை மூடினால் ஈரம் தேங்கிப் புழுங்கும். திறந்துவிட்டால் மண்ணும் தெளிமருந்தும் படும். அட்டைக்கடி வேறு.

மழை குறையும் தை, மாசி வரை காத்திருப்பது நல்லதா, அல்லது உரசல் படாத மேற்கையில் குத்துவதே போதுமா? மலையில் வேலை செய்துகொண்டே ஆற்றியவர்கள், எத்தனை நாள் விடுப்பு எடுத்தீர்கள், எதனால் மூடினீர்கள் என்று தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.