சீரியல் மானிட்டரைத் திறந்தாலே ஊனோ ரீசெட் ஆகிவிடுகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

நண்பர்களே, சொட்டுநீர் வால்வை இயக்கும் என் அர்டுயினோ ஊனோ (நிரல் எழுதி ஓட்டும் சிறு கட்டுப்பாட்டு போர்டு) சில மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டு, அப்புறம் வால்வைத் திறக்கவே மாட்டேன் என்கிறது, ஆனால் எல்இடி சிமிட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த நேரத்தில் என்ன அச்சாகிறது என்று பார்க்க லேப்டாப்பில் சீரியல் மானிட்டரை, அதாவது போர்டு அனுப்பும் வரிகளைக் காட்டும் ஜன்னலைத் திறந்தால், டிடிஆர் சிக்னல் (போர்ட் திறந்ததும் லேப்டாப் தரும் சிக்னல்) 100 நானோஃபாரட் கெபாசிட்டர் வழியாக ரீசெட் பின்னை இழுத்துவிடுகிறது, நிரல் முதலிலிருந்து ஓடுகிறது, தடயமே போச்சு. ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்தால் நிற்கும், சரி, ஆனால் ஒவ்வொரு முறை அப்லோட் செய்யும்போதும் அதைக் கழற்ற வேண்டும். லினக்ஸில் ஹப்கல்லை (போர்ட்டை மூடும்போது டிடிஆரை விடுவிக்கும் அமைப்பு) அணைத்தும் பார்த்தேன், கேபிளைச் செருகி முதல்முறை திறக்கும்போது எப்படியும் ரீசெட் ஆகிறது.

தனியாக ஒரு யூஎஸ்பி டிடிஎல் அடாப்டரை (சீரியல் சிக்னலை யூஎஸ்பிக்கு மாற்றும் கருவி) ஊனோவின் டிஎக்ஸ் (தரவு அனுப்பும்) பின்னிலும் கிரவுண்டிலும் மட்டும் கோர்த்து 9600 பாட் வேகத்தில் கேட்கலாமா? என்னிடம் இருப்பது 3.3 வோல்ட் அடாப்டர், ஊனோ தருவது 5 வோல்ட். வோல்டேஜைக் குறைக்க ரெசிஸ்டர் டிவைடர் (இரண்டு ரெசிஸ்டர் கோர்த்த சுற்று) போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், பயிர் வாடுகிறது.