69 வயதில் மெல்பேர்ண் பக்கம் நாங்களே கார் ஓடிப் பார்க்கலாமா? கிளிநொச்சியிலிருந்து ஒரு சந்தேகம்

கரடிப்போக்கு மாஸ்டர்:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 69, மனுசிக்கு 65. இருவரும் படிப்பித்து ஓய்வு பெற்றவர்கள். வருகிற பங்குனியில் மெல்பேர்ணில் இருக்கும் மூத்த மகனிடம் ஆறு கிழமைக்குப் போகிறோம்.

போன முறை ‘கிரேட் ஓஷன் ரோட்’ என்கிற கடற்கரையோர ரோட்டைக் காட்டுகிறேன் என்று விடிய 6 மணிக்கு ஏற்றினான், இரவு 10 மணிக்கு வீட்டில் இறக்கினான். கடலுக்குள் நிற்கிற அந்தப் பாறைகளைப் பார்க்கக் கிடைத்தது பத்து நிமிடம். மனுசிக்கு முழங்கால் நோ, காரை விட்டு இறங்கவே இல்லை. அவனுக்கு லீவு இல்லை, குறை சொல்ல முடியாது. இந்த முறை நாங்களே கார் எடுத்து ஆறேழு நாள் ஆறுதலாகப் போய் வரலாம் என்று நினைக்கிறேன்.

1984 முதல் கார் ஓடுகிறேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ40 காரும் ஓடியிருக்கிறேன். இப்போது பழைய கொரோலா, கியர் வண்டி. சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறேன். வலது கண்ணில் கற்றரக்ட் ஒப்பரேஷன் முடிந்துவிட்டது, இடது கண் இன்னும் செய்யவில்லை.

எங்கள் லைசென்ஸ் அங்கே செல்லுமா? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடலாம்? மகன் கேட்டால் சண்டைக்கு வருவான், அதுதான் முதலில் இங்கே கேட்கிறேன்.

பரந்தன் சந்தி:
மாஸ்டர், இந்த வயதில் ஏன் இந்த வேலை? ஒரு பஸ் ரூரில் ஏறி இருங்கோ.

கரடிப்போக்கு மாஸ்டர்:
தம்பி, பஸ்ஸும் அதே பத்து நிமிடம்தான் நிற்கும்.

மாங்குளத்தான், மெல்பேர்ண்:
மாஸ்டர், தாராளமாக ஓடலாம். நான் இங்கே டிரைவிங் பழக்குகிறவன்.

லைசென்ஸ் பிரச்சினை இல்லை. சில கிழமைகள் விசிட்டில் வருபவருக்கு எங்கள் அட்டையே போதும், அதில் ஆங்கிலம் இருக்கிறது. ஆனாலும் கொழும்பில் ஓட்டோமொபைல் அசோசியேஷனில் சர்வதேச அனுமதிப்பத்திரம் ஒன்று எடுத்து வாருங்கள். வாடகைக்குக் கார் கொடுப்பவர்கள் சில இடங்களில் கேட்பார்கள். ஓடுகிறவரின் பெயரிலேயே கிரெடிட் கார்ட் கேட்பதும் வழக்கம். மகனின் காரை எடுப்பதென்றால் அவருடைய காப்புறுதியில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். வெளிநாட்டு லைசென்ஸ்காரர் இடித்தால் கையால் கட்டவேண்டிய தொகை எவ்வளவு என்றும் எழுத்தில் கேளுங்கள். ஆகவே மகனுக்குத் தெரியாமல் செய்ய முடியாது.

இங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டம், ஸ்டியரிங் வலது பக்கம். ஓட்டோமற்றிக் கார் ஒரு மணித்தியாலத்தில் பழகிவிடும். இடது காலை மட்டும் சும்மா வைத்திருங்கள், கிளச் என்று நினைத்து பிரேக்கை மிதித்துவிடும்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். ஊரில் எதிரே வருபவன் லைற் அடித்தால் என்ன அர்த்தம்? ‘நான் வாறன், நீ நில்.’ இங்கே பலர் லைற் அடிப்பது ‘நீங்கள் போங்கோ’ என்பதற்கு. நீங்கள் ஊர்ப் பழக்கத்தில் லைற் அடித்தால் அவன் நன்றி சொல்லிக்கொண்டு உங்கள் முன்னால் திரும்புவான். ஊரிலிருந்து வந்து என்னிடம் பழகுகிற எல்லோருக்கும் முதல் நாளே இதைத்தான் சொல்லுவேன்: லைற் சுவிட்சைத் தொடாதீர்கள். ஹோர்னும் அப்படித்தான், முந்தும்போது அடித்தால் சண்டைக்கு அழைப்பதாக நினைப்பார்கள்.

அடுத்தது மெல்பேர்ண் நகரம். ட்ராம் நின்று ஆட்களை இறக்கினால் பின்னால் நின்றே ஆகவேண்டும். நகர மத்தியில் சில சந்திகளில் வலது பக்கம் திரும்ப இடது ஓரத்துக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். உங்களுக்கு இந்தத் தலையிடி எதற்கு? சதர்ன் குரொஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் ஜீலோங். அங்கே காரை எடுங்கள்.

ஜீலோங்கிலிருந்து டோர்க்கி, லோர்ன், அப்பலோ பே, போர்ட் கேம்பல் என்று மேற்கே போங்கள். அப்படிப் போனால் கடல் உங்கள் இடது பக்கம். பார்க்கிற இடமெல்லாம் எதிர் வாகனத்தைக் கடக்காமல் ஓரங்கட்டலாம். திரும்பும்போது உள்நாட்டு வழியால், கோலாக் ஊடாக வாருங்கள். அது ஊரில் ஏ9 ரோட் மாதிரி, அலுப்பு ஆனால் சுகம்.

கரையோர ரோட் முழுக்க வளைவு. பின்னால் இரண்டு மூன்று கார் சேர்ந்தால் மெதுவாகப் போகும் வாகனங்களுக்கென்று ஓரத்தில் வெட்டிவைத்த இடங்கள் வரும், ஒதுங்கி விட்டுவிடுங்கள். மத்தியானம் 3 மணிக்கே தங்குமிடம் சேருங்கள். ஓமந்தைப் பக்கம் இரவில் ரோட்டில் மாடு படுத்திருப்பது போல இங்கே பொழுதுபடும்போது கங்காரு. மாடாவது படுத்திருக்கும், இது பாயும்.

நெடுங்கேணி ரீச்சர்:
மாஸ்டர், நாங்கள் இரண்டு பேரும் இதே ரோட்டில் ஐந்து நாள் போனோம். இவர் ஓட்டம், நான் வரைபடம். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கணக்குப் பார்க்காதீர்கள். வவுனியாவிலிருந்து வருகிறவன் எவ்வளவு அவசரமென்றாலும் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டுதானே ஏறுவான்? நாங்கள் முக்கால் மணித்தியாலத்துக்கு ஒரு ‘முறிகண்டி’ என்று வைத்துக்கொண்டோம். அங்கிள்சி, லோர்ன், அப்பலோ பே எல்லாவற்றிலும் பொதுக் கழிப்பறை உண்டு. நீர் போகிற குளிசை போடுகிறவர்களுக்கு அதுதான் கோயில்.

ஒவ்வொரு ஊரிலும் இரண்டு இரவு தங்குங்கள். பெட்டி கட்டி அவிழ்ப்பதில்தான் முழங்கால் போகும். அறை எடுக்கும்போது கீழ்த்தளம், குளியலறையில் பிடிகம்பி என்று கேட்டு எடுங்கள்.

இன்னொன்று. லோர்னுக்கு முன்னால் ரோட்டின் குறுக்கே ஒரு மரவளைவு வரும். முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படையினர், செத்துப்போன கூட்டாளிகளின் நினைவாக 1919 முதல் 1932 வரை பிக்கானும் மண்வெட்டியுமாக வெட்டிய ரோட் இது. அந்த இடத்தில் நின்று வாசித்த பிறகு இவர் கனநேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

வவுனியா நேர்ஸ் அக்கா:
ஐயா, என்ன குளிசை என்று சொல்லவில்லை. மெற்போமின் மட்டும் என்றால் சீனி திடீரென்று இறங்குவது அரிது. கிளிக்கிளசைட் போன்றது அல்லது இன்சுலின் என்றால் ஓடுவதற்கு முன் விரலில் குத்திச் சீனி அளவைப் பாருங்கள். 90க்குக் கீழே என்றால் சாப்பிடாமல் சாவியைத் தொடவேண்டாம். குளுக்கோஸை டிக்கியில் வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். மருந்தை அதன் பெட்டியோடு, மூன்று மாத அளவுக்குள், வைத்தியரின் ஆங்கிலக் கடிதத்தோடு கொண்டு போங்கள். பயணக் காப்புறுதியில் சீனி வருத்தத்தை மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் பிறகு காசு தரமாட்டார்கள்.

இடது கண்ணைப் பற்றி டிக்கெட் எடுக்க முன் கண் வைத்தியரிடம் கேளுங்கள். பகலில் தெரிகிறது என்பது போதாது, எதிர்வெளிச்சம் கூசுகிறதா என்று சொல்லுங்கள்.

கரடிப்போக்கு மாஸ்டர்:
பெரிய உதவி. கிளிக்கிளசைட்தான் போடுகிறேன். நேற்று கண் வைத்தியரைப் பார்த்தேன். இடது கண்ணையும் தை மாதமே செய்துவிட்டு, அவர் திரும்பப் பார்த்துச் சரி என்றால் மட்டும் ஓடச் சொன்னார். ஆகவே பயணத்தைச் சித்திரைக்குத் தள்ளிவிட்டோம்.

லோர்னில் இரண்டு இரவு, அப்பலோ பேயில் இரண்டு, போர்ட் கேம்பலில் இரண்டு, கோலாக்கில் ஒன்று. லோர்னிலிருந்து அப்பலோ பே 45 கிலோமீற்றர்தான், அதற்கு ஒரு முழுப் பகல். அங்கிருந்து போர்ட் கேம்பல் சுமார் 100, அதுதான் கூடின ஓட்டம். மகனிடமும் சொல்லிவிட்டேன். முதலில் சத்தம் போட்டான், ஜீலோங் ரயில் கதையைக் கேட்டதும் அடங்கினான். முதல் நாள் தானும் பக்கத்தில் இருந்து வருவானாம். இருக்கட்டும்.

மனுசி ஒன்று கேட்கச் சொன்னா: மகனுக்குப் புழுக்கொடியலும் கருவாடும் கறிவேப்பிலையும் கொண்டுபோகலாமா?

மாங்குளத்தான், மெல்பேர்ண்:
கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுவிடுங்கோ, மாஸ்டர். மற்றதெல்லாவற்றுக்கும் விமானத்தில் தருகிற அட்டையில் ‘ஆம்’ என்று போட்டு, பெட்டியில் மேலாக வையுங்கள். விடுவதும் எடுப்பதும் அவர்கள் பாடு, சொல்லாமல் பிடிபட்டால்தான் தண்டம். புழுக்கொடியல் தப்பி வந்தால் எனக்கும் கொஞ்சம்.