தங்கையின் கையெழுத்து இல்லாத மனையை வாங்கலாமா?

வணக்கம். செங்கல்பட்டு பக்கம் இரண்டரை கிரவுண்டு மனை ஒன்று பார்த்திருக்கிறோம். எங்கள் பன்னிரண்டு வருடச் சேமிப்பு, அதனால் பயமாக இருக்கிறது.

விற்பவர்களின் அப்பா 1987இல் சொந்தமாகக் கிரையம் பெற்ற இடம். உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். வாரிசுச் சான்றில் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என நான்கு பெயர். பத்திரத்தில் கையெழுத்துப் போட வருவதோ அம்மாவும் மகன்களும் மட்டும். "தங்கச்சிக்கு அப்பவே நகை போட்டுட்டோம், கேட்க மாட்டா" என்கிறார் மூத்தவர். நகை போட்டால் பங்கு போய்விடுமா என்ன? 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் சம பங்கு என்றுதான் படித்திருக்கிறேன். அந்தத் தங்கை கோலாலம்பூரில் இருக்கிறார். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு பவர் (தன் சார்பில் இங்கே ஒருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) அனுப்பினால், அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டுமாம். இப்படிச் செய்தவர்கள் இருக்கிறீர்களா? அல்லது தன் பங்கை மற்ற வாரிசுகளுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் அவரிடம் எழுதி வாங்கச் சொல்வது நல்லதா?

அப்புறம், முப்பது வருட வில்லங்கச் சான்றில் 1998இல் ஒரு வங்கி அடமானம் இருக்கிறது. கடனை அடைத்த பழுப்பேறிய சீட்டைக் காட்டுகிறார்கள், அடமானம் தீர்ந்தது என்று வங்கி தரும் ரத்து ரசீது பதிவாகவில்லை. வங்கியில் இப்போது கேட்டால் அதைத் தருவார்களா?

பட்டா இன்னும் அப்பா பெயரில்தான். வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார்கள். அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். செங்கல்பட்டில் மூலப்பத்திரம் பார்த்துக் கருத்து தரும் நல்ல வக்கீல் தெரிந்தாலும் உள்பெட்டியில் சொல்லுங்கள்.