நெக்ஸ்ட்கிளவுடில் சின்னப் படம் ஏறுகிறது, ரா கோப்பு ஏறவில்லை: சீஃபைலுக்கு மாறவா?

கடலோரம்:
வணக்கம். உப்புவெளியில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கலியாண வீட்டுப் படங்களை மூதூரில் இருக்கும் மச்சினன்தான் எடிட் பண்ணுகிறார். முன்பு பென்டிரைவ் பஸ்ஸில் போய் வந்தது. இப்போது கடையில் கிடந்த பழைய கணினியில் உபுண்டு (லினக்ஸ்), அதில் டாக்கர் என்ற தனிப் பெட்டிக்குள் நெக்ஸ்ட்கிளவுட் (சொந்தக் கணினியில் கோப்பு வைத்துப் பகிரும் மென்பொருள்), அதற்கு முன்னால் வருவதை வாங்கி உள்ளே அனுப்பும் வெப் சர்வராக என்ஜின்எக்ஸ். 300 கேபி படம் உடனே ஏறுகிறது. 25 எம்பி ரா கோப்பு (கேமரா சுருக்காமல் தரும் மூலப் படம்) போட்டால் 413 என்று நின்றுவிடுகிறது. பெண் வீட்டார் தினமும் கேட்கிறார்கள். இதே வேலை செய்யும் சீஃபைல் என்ற மென்பொருள் வேகம் என்கிறார்கள், மாறிவிடவா?

பழையரவுட்டர்:
தம்பி, அவசரப்பட வேண்டாம். அது நெக்ஸ்ட்கிளவுடின் பிழையே இல்லை. 413 என்றால் வந்தது அளவுக்கு மேல் என்று அர்த்தம். என்ஜின்எக்ஸ் நாம் சொல்லாவிட்டால் 1 எம்பிக்கு மேல் வாங்காது. நெக்ஸ்ட்கிளவுட் பெரிய கோப்பைத் துண்டாக்கித்தான் அனுப்பும், ஆனால் ஒரு துண்டே 1 எம்பியைவிடப் பெரிதாக வரும். என்ஜின்எக்ஸ் செட்டிங் கோப்பில் 'கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்' வரியில் 512எம் போட்டு ரீலோட் கொடுங்கள்.

நிலாவெளி:
சீஃபைல் வேகம் என்பது உண்மை. கோப்பைத் துண்டுகளாக வைத்து, மாறிய துண்டை மட்டும் அனுப்பும். ஆனால் அதே காரணத்தால் டிஸ்க்கைத் திறந்தால் படம் படமாகத் தெரியாது. கணினி படுத்துவிட்டால் சீஃபைலின் கருவியை வைத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். நெக்ஸ்ட்கிளவுடில் என்கிரிப்ஷன் போடாவிட்டால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி அப்படியே நகலெடுக்கலாம். கலியாணப் படத்துக்கு எனக்கு அதுதான் பெரிது.
இரண்டு பேருக்கு மட்டும் என்றால் இரண்டு கணினியிலும் கோப்பை ஒன்றுபோல வைத்திருக்கும் சிங்க்திங் போதும், சர்வரே வேண்டாம். ஆனால் அங்கே அழித்தால் இங்கேயும் அழியும். என் மகளின் பிறந்தநாள் படங்கள் அப்படித்தான் போயின. பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதி அதில் உண்டு, நான் அதைப் போடாமல் விட்டிருந்தேன். பெண் வீட்டாருக்கு லிங்க் கொடுக்கவும் அதில் வழியில்லை.

கடலோரம்:
அண்ணா, ஏறிவிட்டது! 512எம் போட்டதும் முதல் ரா கோப்பு முழுதாகப் போனது. தாலி கட்டும் படம் திறந்துவிட்டதென்று மச்சினன் மெசேஜ் போட்டார். லிங்க் கொடுக்க வேண்டியிருப்பதால் நெக்ஸ்ட்கிளவுடிலேயே இருக்கிறேன். இனி கேமரா கார்டை அழிக்கலாம்தானே?

பழையரவுட்டர்:
வேண்டாம் தம்பி. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் இன்னொரு பிரதி எடுத்து, நாலைந்து படம் திறந்து பார்த்த பிறகு அழியுங்கள்.