வெளிநாட்டு ரிசீவரில் கேட்டதை 'நான் கேட்டேன்' என்று எழுதலாமா?

மொட்டைமாடி:
நண்பர்களுக்கு வணக்கம். போன வாரம் இங்கே ஒரு தம்பி கியூஎஸ்எல் அட்டை (நாம் கேட்டதை உறுதிசெய்து வானொலி நிலையம் அனுப்பும் அட்டை) ஒன்றைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். ஐரோப்பாவுக்குள்ளேயே கேட்பதற்கான ஒரு சின்ன நிலையம், சிற்றலையில் 49 மீட்டர் வரிசை, நம் நேரம் மத்தியானம் 2 மணி. கேட்ட இடம்: சென்னை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உச்சி வெயிலில் 49 மீட்டரில் ஐரோப்பா நம் ஊருக்கு வரவே வராது. விசாரித்தால், நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகத்தின் வெப்எஸ்டிஆரில் கேட்டேன் அண்ணே என்கிறார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆன்டெனாவும் ரிசீவரும் அங்கே என்ஸ்கெடே ஊரில் இருக்கும், நாம் இங்கே செல்போனில் அலைவரிசையை மாற்றி மாற்றிக் கேட்கலாம், ஒரே நேரத்தில் நூறு பேர் ஆளுக்கொரு அலைவரிசையில் கேட்டாலும் தாங்கும்.

நல்ல வசதிதான். ஆனால் அதை 'நான் சிற்றலை கேட்டேன்' என்று சொன்னால் என்னால் ஏற்க முடியவில்லை. அலை போய்ச் சேர்ந்தது என்ஸ்கெடேவுக்கு. நமக்கு வந்தது இன்டர்நெட். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மூணாவது மாடி:
சார், இடத்தை மாற்றி எழுதியது தப்பு, அதில் பேச்சே இல்லை. ஆனால் அது கேட்பதே ஆகாது என்று நீங்கள் சொல்வது எங்களைப் போன்றவர்களுக்கு ரொம்ப வலிக்கும். நான் சென்னையில் அடுக்குமாடியில் இருக்கிறேன். மாடியில் 10 மீட்டர் வயர் கட்டினேன், ஒரே வாரத்தில் அவிழ்த்துச் சுருட்டி என் வீட்டு வாசலில் வைத்துவிட்டார்கள், துணி காயப்போடுவதற்கு இடைஞ்சலாம். ஜன்னலோரம் வைத்துக் கேட்கலாம் என்றால் லிஃப்ட் மோட்டார், பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர், வராண்டா முழுக்க எல்இடி பல்பு. 41 மீட்டரிலிருந்து 25 மீட்டர் வரை முள்ளை எங்கே நகர்த்தினாலும் ஒரே உர்ர்ர். அப்பாவின் மடியில் உட்கார்ந்து ராத்திரி 9.15க்கு பிபிசி தமிழோசை கேட்டு வளர்ந்தவன் நான். 2017 ஏப்ரல் 30இல் பிபிசி அந்தச் சிற்றலை ஒலிபரப்பை நிறுத்தியபோது எங்கள் வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்தது. நான் இந்தப் பொழுதுபோக்குக்கு வந்தது குரல்களுக்காக. அந்தக் குரல் ட்வென்டே வழியாக வந்தால் என்ன குறைந்துவிட்டது?

மொட்டைமாடி:
தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நீங்கள் சொல்வது வானொலி நிகழ்ச்சி கேட்பது, நான் சொல்வது சிற்றலை கேட்பது. நிகழ்ச்சிதான் வேண்டுமென்றால் அந்த நிலையத்தின் இணையதளத்திலேயே தெளிவாகக் கேட்டுவிட்டுப் போகலாமே, எதற்கு வெப்எஸ்டிஆர்? அந்த ஏற்ற இறக்கமும் கரகரப்பும் வேண்டும் என்பதால்தானே? அந்தக் கரகரப்பு எந்த ஊர் வானத்தினுடையது என்பதுதான் என் கேள்வி. நமக்கு ராத்திரி 8 மணி ஆகும்போது, இந்தக் குளிர்காலத்தில் என்ஸ்கெடேயில் பிற்பகல் 3.30. சிற்றலையை வானத்திலிருந்து திருப்பி அனுப்புவது அயனி மண்டலம்; பகலில் அதன் டி அடுக்கு 49 மீட்டர் போன்ற கீழ் அலைவரிசைகளை உறிஞ்சிவிடும், இருட்டியதும் அது கரைந்துபோகும், அப்போதுதான் நம் ஊரில் 49 மீட்டர் கண் திறக்கும். அங்கே அது இன்னும் பகல். நீங்கள் கேட்பது உங்கள் ராத்திரியே இல்லை.

ஒன்று சொல்கிறேன். ஒரு நாள் மத்தியானம் 19 மீட்டரில் கணீரென்று கேட்டுக்கொண்டிருந்தது ஐந்து நிமிடத்துக்குள் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போய்விட்டது. பேட்டரியை மாற்றினேன், ஏரியல் வயரைப் பிடித்துக்கொண்டே முருங்கை மரம் வரை போய்ப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. எல்லா மீட்டரும் காலி. முக்கால் மணி நேரம் கழித்து மேல் அலைவரிசைகள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. சூரியனில் ஒரு வெடிப்பு, நம் பக்கம் பகலாக இருந்ததால் நாம் மாட்டிக்கொண்டோம். தலைக்கு மேலே நடந்த ஒன்றை என் வீட்டு வயர் எனக்குச் சொன்னது. இதற்காகத்தான் நான் 30 வருடமாக விடாமல் கேட்கிறேன்.

யாழ் நேயர்:
நான் மொட்டைமாடி அண்ணையின் பக்கம், ஆனால் என்ர காரணம் வேறை. தொண்ணூறுகளில் எங்கட ஊரில் கரண்ட் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். அப்பா சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார், நான் பெடலைக் கையால் சுற்ற வேணும், டைனமோவிலிருந்து றேடியோவுக்கு இரண்டு வயர். கை ஓய்ந்தால் குரல் தேயும், அப்பா "சுத்தடா" என்று உறுக்குவார். அப்படித்தான் தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியும் கேட்டோம், வாசலில் அயல் முழுக்க நின்று கேட்கும். யாரையும் கேட்காமல், எவரும் வெட்ட முடியாமல் எங்கட முற்றத்துக்கு வந்தது அந்த அலை. 2022 மார்ச்சில் உக்ரைனுக்காக பிபிசி திரும்பவும் 15735, 5875 கிலோஹெர்ட்ஸில் ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலம் ஒலிபரப்பத் தொடங்கினதும் இதே காரணத்துக்குத்தான். இணையத்தை நம்பியிருக்கிற ஒன்றை இதோடு சேர்த்து வைக்க என்னால் முடியாது.

மூணாவது மாடி:
அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். உங்கள் அப்பாவுக்கு வேண்டியது செய்திதானே? அது வேறு எந்த வழியில் வந்திருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டாரா?

யாழ் நேயர்:
ஓம், கேட்டிருப்பார். அதை மறுக்க ஏலாது. ஆனால் வேறை வழி இருக்கேல்லையே தம்பி.

சால்டரிங் வாசனை:
இரண்டு பக்கமும் படித்தேன். எனக்கு மனசு வெப்எஸ்டிஆர் பக்கம்தான், நிறைய நிலையங்கள் போய்விட்டன, ரேடியோ ஆஸ்திரேலியா 2017 ஜனவரி 31இல் சிற்றலையை மூடியது, இருக்கிற மிச்சத்தை எப்படியாவது கேட்கட்டுமே. ஆனால் ரிசெப்ஷன் ரிப்போர்ட் விஷயத்தில் மொட்டைமாடி சார் சொல்வதுதான் சரி, அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ரிப்போர்ட் எதற்கு? டிரான்ஸ்மிட்டரில் இருக்கும் இன்ஜினியருக்குத் தன் அலை எங்கே, எப்படி விழுகிறது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் தேதி, யூடிசி என்கிற உலகப் பொது நேரம், அலைவரிசை, சின்போ (எவ்வளவு நன்றாகக் கேட்டது என்பதற்கான ஐந்து இலக்க மதிப்பெண்) எல்லாம். 'சென்னை, 45444' என்று போனால் அவர் அதை நம்பிக் கணக்குப் போடுவார். 'என்ஸ்கெடே ரிசீவர் வழியாக' என்று ஒரு வரி சேர்த்தால் அந்த ரிப்போர்ட்டுக்கு மதிப்பு உண்டு, சேர்க்காவிட்டால் அது பொய்.

மூணாவது மாடிக்கு: இரைச்சலைக் கண்டு பயந்து விட்டுவிடாதீர்கள். முதலில் உங்கள் வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு ரேடியோவைப் பேட்டரியில் போட்டுப் பாருங்கள். பாதி உர்ர் செத்தால் திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான், பெரும்பாலும் செல்போன் சார்ஜர், இல்லையென்றால் மலிவான எல்இடி பல்பு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பிடித்துவிடலாம். அப்புறம் ஒரு லூப் செய்யுங்கள். பழைய கேபிள் டிவி வயரை ஒரு மீட்டர் விட்டமுள்ள வளையமாக வளைத்து, இரண்டு முனைகளுக்கும் நடுவில் பழைய ரேடியோவில் கழற்றிய கேங் கண்டென்சர் (நிலையம் பிடிக்கத் திருப்புகிற பாகம்) ஒன்று. உள்ளே அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இன்னொரு சின்ன வளையம், அதிலிருந்து ரேடியோவுக்கு வயர். அலைவரிசை வைத்துக் கேங்கைத் திருப்பினால் ஒரே ஒரு இடத்தில் சத்தம் பொங்கி எழும். வளையத்தைப் பம்பரம் போல மெதுவாகச் சுழற்றினால் இரைச்சல் அடங்கும் திசை ஒன்று கிடைக்கும். மாடியும் வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம்.

மொட்டைமாடி:
கேங் பவானி பக்கம் எனக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் கடையில் இன்னும் கிடைக்கிறது, வேண்டுமானால் வாங்கி அனுப்புகிறேன். ஆனால் ஒரு வரி சேர்த்தால் போதும் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ரிப்போர்ட்டுக்குப் போதும், கேட்டதை நாம் குறித்துவைக்கும் நோட்டுக்குப் போதாது. நான் கேட்ட நாடுகள் இத்தனை என்று ஒருவர் எழுதும்போது அதில் வெப்எஸ்டிஆரைக் கலந்தால், முருங்கை மரத்தில் வயர் கட்டி மூன்று வருடம் காத்திருந்து ஒரு நிலையத்தைப் பிடித்தவனுக்கு என்ன மரியாதை?

அட்டை தம்பி:
அண்ணே, அது நான்தான். ஏமாற்ற நினைக்கவில்லை, படிவத்தில் ஊர் என்று இருந்தது, நான் இருக்கும் ஊரைப் போட்டுவிட்டேன். உண்மையை எழுதி அந்த நிலையத்துக்கு நேற்று மெயில் அனுப்பிவிட்டேன். ஆனால் எனக்கு இந்த ஆசையே வெப்எஸ்டிஆரில்தான் வந்தது, ஹாஸ்டலில் ராத்திரி ஹெட்செட் மாட்டிக்கொண்டு. ரேடியோ என்று ஒன்று இன்னும் என்னிடம் இல்லை. அது கேட்பதே ஆகாது என்று சொல்லியிருந்தால் நான் இங்கே வந்தே இருக்க மாட்டேன்.

மொட்டைமாடி:
தம்பி, மெயில் அனுப்பியது நல்ல காரியம். என்னிடம் சும்மா கிடக்கும் ஒரு பழைய டெக்சன் ரேடியோ இருக்கிறது, விலாசத்தைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். ஆனால் அது வந்த பிறகு முதல் பக்கத்திலிருந்து புது நோட்டு.

மூணாவது மாடி:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். திருடன் என் லேப்டாப் சார்ஜர். லூப்பும் கட்டிவிட்டேன், கேங் வந்து சேர்ந்தது, நன்றி சார். 41 மீட்டர் இன்னும் உர்ர்தான், லிஃப்ட் ஓடும்போது எதுவுமே கேட்காது. ஆனால் நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு மேல் லிஃப்ட் நின்ற பிறகு, 31 மீட்டரில் வளையத்தைச் சமையலறைப் பக்கம் திருப்பியதும் சீன மொழியில் ஒரு பெண் குரல், தேய்ந்து ஏறி, தேய்ந்து ஏறி. 34232 போட்டேன், இடம் சென்னை. ட்வென்டேயையும் விடப் போவதில்லை சார், அதற்கும் அதே நோட்டுதான், பக்கத்தில் என்ஸ்கெடே என்று எழுதி.