இணைய வேகம் சரியாக இருந்தும் கணினியில் மட்டும் பக்கங்கள் தாமதமாகத் திறக்கின்றன. காரணத்தை எப்படிக் கண்டறிவது?

கேள்வி

வணக்கம். என் வீட்டு மேசைக்கணினியில் இணையப் பக்கங்களைப் பார்ப்பது கடந்த சில மாதங்களாகப் பெரும்பாடாகிவிட்டது. வாங்கி ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆன கணினி அது. 4 ஜிபி ராம் (நினைவகம்), 1 டிபி வன்தட்டு, விண்டோஸ் 10, உலாவி குரோம். கணினியை இயக்கியபின் முதல் பக்கம் முழுமையாகத் தோன்ற இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகின்றன. ஐந்தாறு தாவல்களைத் திறந்துவிட்டால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது வெள்ளைத் திரைதான் தெரிகிறது. நான் தட்டச்சு செய்யும் எழுத்துகள் சில நொடிகள் கழித்து மொத்தமாக வந்து விழுகின்றன. நான் மொழிபெயர்ப்பு வேலை செய்பவள் என்பதால் மூலப் பக்கம், இரண்டு அகராதிகள், மின்னஞ்சல் ஆகியவற்றை ஒரே நேரத்தில் திறந்து வைத்திருப்பது எனக்குத் தவிர்க்க முடியாதது.

இதே வைஃபையில் கைப்பேசியில் பக்கங்கள் உடனே திறக்கின்றன. இதுவரை உலாவி சேமித்து வைக்கும் கேஷ் முழுவதையும் மூன்று முறை அழித்தேன். கணினியைத் துப்புரவாக்கும் என்று சொல்லப்பட்ட இலவச மென்பொருள் ஒன்றை நிறுவினேன். வைரஸாக இருக்குமோ என்ற ஐயத்தில், ஏற்கெனவே இருந்த வைரஸ் தடுப்பு மென்பொருளுடன் இரண்டாவதாக ஒன்றையும் சேர்த்தேன். இவற்றுக்குப் பிறகு நிலைமை முன்னைவிட மோசமாகியிருக்கிறது. புதிய கணினி வாங்குவதைத் தவிர வேறு வழி உண்டா?

மறுமொழி 1

வணக்கம் அம்மா. புதிய கணினியைப் பற்றி இப்போதே முடிவெடுக்க வேண்டாம். இணையப் பக்கம் தாமதமாகத் திறந்தால் இணைப்பின்மீது ஐயம் கொள்வது இயல்பே. ஆனால் ஒரு பக்கத்துக்கான தரவு வந்து சேர்ந்தபிறகும் அதிலுள்ள நிரல்களைப் படித்து, இயக்கி, படங்களை விரித்துத் திரையில் வரைந்து காட்ட வேண்டிய பெரும் வேலை கணினிக்கு இருக்கிறது. தாமதம் எந்தப் பகுதியில் நிகழ்கிறது என்று அளந்து பார்க்காமல் எதை மாற்றினாலும் அது ஊகமாகவே இருக்கும்.

கைப்பேசியில் வேகமாக இருப்பது நல்ல தடயம்தான், ஆனால் முழுச் சான்று அல்ல. கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும், உங்கள் பழைய கணினி நெரிசல் மிகுந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் இணைந்திருக்கக்கூடும். ஆகவே வேகச் சோதனையைக் கணினியிலேயே ஒருமுறை செய்யுங்கள். முடிந்தால் ரௌட்டரிலிருந்து நேரடியாகக் கேபிளை இணைத்தும் ஒருமுறை செய்யுங்கள்.

அடுத்து, உலாவியைத் திறப்பதற்கு முன்பே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். பிறகு வழக்கம்போல் வேலை செய்து, கணினி திணறும் அந்த நேரத்தில் சிபியூ, நினைவகம், வன்தட்டு, நெட்வொர்க் ஆகிய நான்கு பத்திகளின் தலைப்பில் உள்ள விழுக்காடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். குரோமுக்குள் ஷிஃப்டும் எஸ்கேப்பும் அழுத்தினால் அதற்கென்று தனியாக ஒரு பட்டியல் வரும். எந்தத் தாவல், எந்த நீட்சி (உலாவியில் கூடுதலாகச் சேர்க்கப்படும் சிறு மென்பொருள்) எவ்வளவு நினைவகத்தை எடுத்துக்கொள்கிறது என்பது அதில் தெரியும்.

கேட்டவர்

மிக்க நன்றி. கணினியிலேயே செய்த வேகச் சோதனையில் கேபிள் மூலமும் வைஃபை மூலமும் ஏறத்தாழ 40 எம்பிபிஎஸ் வருகிறது. திணறும் நேரத்தில் சிபியூ 35, நினைவகம் 93, வன்தட்டு 100, நெட்வொர்க் 1 விழுக்காடு. வன்தட்டுப் பத்தியின் மேல்வரிசையில் இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள்களும் மாறி மாறி வருகின்றன. குரோமின் பட்டியலில், பிடிஎஃப் கோப்புகளை மாற்றித் தரும் நீட்சி ஒன்று 350 எம்பி நினைவகத்தை வைத்திருக்கிறது. அதை நான் நிறுவியதாகவே நினைவில்லை.

மறுமொழி 2

இந்த எண்களிலேயே விடை இருக்கிறது. நெட்வொர்க் 1 விழுக்காட்டில் இருப்பதால், உங்கள் கணினி இணையத்துக்காகக் காத்திருக்கவில்லை. தன் வன்தட்டுக்காகவே காத்திருக்கிறது.

ராம் நிரம்பும் நிலைக்கு வந்ததும், உடனடித் தேவையில்லாத பகுதிகளை விண்டோஸ் வன்தட்டிலுள்ள பேஜ் கோப்புக்கு நகர்த்திவிட்டு, மீண்டும் தேவைப்படும்போது அங்கிருந்து எடுத்து வருகிறது. நீங்கள் அகராதித் தாவலுக்குத் திரும்பும்போது தெரியும் வெள்ளைத் திரை, பெரும்பாலும் அந்தப் பக்கத்தின் நினைவகப் பகுதிகள் வன்தட்டிலிருந்து ஒவ்வொன்றாக மீண்டு வரும் நேரம்தான். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் வன்தட்டில் ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி ஆகிறது. தேவையான இடம் படிப்பு முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அதில் பாதி நேரம் வேண்டும். முனை நகரும் நேரமும் அதனுடன் சேரும். ஒரு சிறு துண்டைப் படிக்கவே 10 மில்லிநொடிக்கு மேல் ஆகிவிடும். ராமிலிருந்து எடுக்க ஏறத்தாழ 100 நானோநொடிதான். இரண்டுக்கும் இடையே ஒரு லட்சம் மடங்கு வேறுபாடு இருக்கும்போது, எத்தனை வேகமான இணைப்பாலும் பயன் இல்லை.

அந்தப் பிடிஎஃப் நீட்சியை உடனே நீக்குங்கள். தெரியாமல் வந்த நீட்சி நீங்கள் பார்க்கும் பக்கங்களைப் படிக்கும் அனுமதியையும் பெற்றிருக்கக்கூடும் என்பதால் இது வேகத்தைவிடப் பெரிய கவலை. வைரஸ் தடுப்பு மென்பொருள்களில் ஒன்றை முறைப்படி நீக்குங்கள், ஏனெனில் உலாவி எழுதும் ஒவ்வொரு சிறு கோப்பையும் இரண்டும் தனித்தனியே சோதிக்கின்றன. துப்புரவு மென்பொருளும் வேண்டாம். கேஷை மீண்டும் மீண்டும் அழிப்பதை நிறுத்திவிடுங்கள்: அடிக்கடி பார்க்கும் தளங்களின் படங்களையும் நிரல்களையும் மறுபடி இறக்காமல் இருக்கத்தானே அது சேமிக்கப்படுகிறது? அழித்த ஒவ்வொரு முறையும் உலாவி எல்லாவற்றையும் புதிதாக இறக்கி, அதே வன்தட்டில் மீண்டும் எழுதியிருக்கிறது. குரோமின் அமைப்புகளில் செயல்திறன் பகுதியிலுள்ள நினைவகச் சேமிப்பான் வசதியை இயக்கி, அகராதித் தளங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம்.

மறுமொழி 3

குரோமே நினைவகத்தை அளவுக்கு மீறி எடுத்துக்கொள்கிறது. வேறு உலாவிக்கு மாறினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

மறுமொழி 2

நண்பரே, ஓரளவு வேறுபாடு இருக்கலாம். ஆனால் 4 ஜிபி கணினியில் அது இந்தச் சிக்கலைத் தீர்க்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு தளத்தின் நிரல் வேறொரு தளத்தின் தரவைத் திருட முடியாதபடி ஒவ்வொரு தளத்தையும் தனிச் செயல்முறையில் வைக்கும் ஏற்பாட்டை, சிபியூக்களில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறை வெளிப்பட்ட 2018ஆம் ஆண்டிலேயே குரோம் மேசைக்கணினிகளில் பரவலாக நடைமுறைப்படுத்தியது. ஃபயர்பாக்ஸும் பின்னர் அதே வழிக்கு வந்தது. அதற்குக் கூடுதல் நினைவகம் தேவைப்படுகிறது, ஆனால் அதை வீண் செலவாக நான் கருதவில்லை.

மறுமொழி 4

மேலே சொன்னவற்றுடன் நான் முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் அவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் செய்யுமாறு வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் மொழிபெயர்ப்புக் கோப்புகளை இன்றே வேறொரு சாதனத்தில் படியெடுத்து வையுங்கள். வன்தட்டு 100 விழுக்காட்டில் நிற்பதற்கு நினைவகப் பற்றாக்குறை மட்டுமே காரணம் என்று கொள்ள முடியாது. பழுதடைந்துவரும் தட்டும் இதே அறிகுறியைத்தான் காட்டும். என் பழைய கணினியில் இப்படித்தான் மென்பொருள்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே இரண்டு வாரங்களைக் கழித்தேன், அதற்குள் தட்டு நின்றுபோனது. குடும்பப் படங்கள் பலவற்றை மீட்க முடியவில்லை.

டாஸ்க் மேனேஜரின் செயல்திறன் பகுதியில் வன்தட்டைத் தேர்ந்தெடுத்தால் சராசரி மறுமொழி நேரம் மில்லிநொடியில் தெரியும். கணினி ஏறக்குறைய சும்மா இருக்கும்போதும் அது அடிக்கடி நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ போனால், தட்டின்மீதே ஐயம் கொள்ளுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் தட்டு தன் நலத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவுகளைக் காட்டும். அதில் ரீஅலொகேட்டட் செக்டார், கரன்ட் பெண்டிங் செக்டார் என்ற இரு வரிகளையும் பாருங்கள். முன்னது கெட்டுப்போனதால் மாற்றிடம் தரப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. பின்னது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை. இரண்டும் சுழியமாக இருப்பதே நல்லது.

கேட்டவர்

உங்கள் சொல்லைக் கேட்டு, முதலில் கோப்புகளை வெளித்தட்டில் படியெடுத்துவிட்டேன். இரண்டு கோப்புகளைப் படியெடுக்கும்போது பிழை வந்தது. நல்லவேளையாக அவற்றின் பழைய பிரதிகள் மின்னஞ்சலில் இருந்தன. ஸ்மார்ட் பதிவில் நிலுவைப் பகுதிகள் 16 என்று காட்டுகிறது. நீட்சியையும் ஒரு வைரஸ் தடுப்பு மென்பொருளையும் நீக்கியபின் நினைவகம் 78 விழுக்காட்டுக்கு இறங்கி, பக்கங்கள் ஓரளவு விரைவாகத் திறக்கின்றன. என்றாலும் தட்டின் மறுமொழி நேரம் அவ்வப்போது 2000 மில்லிநொடியைத் தாண்டுகிறது. தட்டை, சுழலும் பாகங்கள் இல்லாத எஸ்.எஸ்.டி.யாக மாற்ற முடிவு செய்திருக்கிறேன். பழைய தட்டின் உள்ளடக்கம் முழுவதையும் அதில் அப்படியே குளோன் செய்யலாமா? ராமையும் கூட்ட வேண்டுமா?

மறுமொழி 4

குளோன் செய்ய வேண்டாம். படிக்க முடியாத பகுதிகள் உள்ள தட்டில் அந்த வேலை பாதியில் நின்றுவிடலாம், அல்லது சிதைந்த கோப்புகளும் சேர்ந்தே புதிய இடத்துக்கு வந்துவிடலாம். எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸைப் புதிதாக நிறுவி, படியெடுத்த கோப்புகளை மட்டும் கொண்டுவாருங்கள். பழைய தட்டைக் கழற்றித் தனியே வையுங்கள். அதை இரண்டாம் சேமிப்பாகக்கூடப் பயன்படுத்த வேண்டாம்.

மறுமொழி 1

ராமைக் கட்டாயம் 8 ஜிபியாக்குங்கள். எஸ்.எஸ்.டி. வந்தபின் பேஜ் கோப்பின் தாமதம் பெருமளவு குறையும், ஆனால் நினைவகப் பற்றாக்குறை அப்படியே இருக்கும். டாஸ்க் மேனேஜரின் நினைவகப் பகுதியில் ராம் பொருத்தும் ஸ்லாட்டுகள் எத்தனை பயன்பாட்டில் உள்ளன என்பதும் ராமின் வேகமும் தெரியும். அது டிடிஆர்3 வகையா டிடிஆர்4 வகையா என்பதை மதர்போர்டின் விவரக்குறிப்பில் உறுதிசெய்துகொண்ட பிறகே வாங்குங்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது என்பதால், புதிதாக நிறுவும் இந்த வாய்ப்பிலேயே உங்கள் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்பதை மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியால் சோதித்துவிடுங்கள். ஏற்காவிட்டால் இங்கேயே எழுதுங்கள். உலாவலுக்கும் மொழிபெயர்ப்பு வேலைக்கும் பொருத்தமான ஒரு லினக்ஸ் பதிப்பை நிறுவ உதவுகிறேன்.