என் மகனுக்குக் கடைசிப் பரீட்சை முடிந்த அன்று, எங்கள் குடும்பக் குழுவில்

அக்கா: முடிந்ததா? எப்படி எழுதினானாம்?

நான்: முடிந்தது அக்கா. கணக்குதான் கொஞ்சம் காலை வாரிவிட்டது போல, மற்றதெல்லாம் நன்றாக எழுதியிருக்கிறானாம். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை, நானும் எழுப்பவில்லை. தூங்கட்டும், எத்தனை நாள் தூக்கம் பாக்கி.

அம்மா: ஸ்தோத்திரம். இம்மட்டும் கொண்டுவந்தவர் இனிமேலும் நடத்துவார். எழுந்ததும் எனக்குப் போன் பண்ணச் சொல்.

தம்பி: மருமகனுக்கு வாழ்த்துகள் 🙏 எரேமியா 29:11 அவனுக்குத்தான், உங்கள் மேல் நான் வைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்கிற வசனம். ஒரு கைக்கடிகாரம் வாங்கி வைத்திருக்கிறேன் அக்கா, அதன் பின்பக்கம் இந்த வசன எண்ணைப் பொறிக்கச் சொல்லப் போகிறேன். நன்றாக இருக்கும் இல்லையா?

நான்: ரொம்ப நன்றாக இருக்கும் தம்பி. ஒன்று மட்டும் செய், கொடுக்கும்போது அவனோடு உட்கார்ந்து அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசி. காலையிலிருந்து அந்த வசனம் யார் யாரிடமிருந்தோ வந்துகொண்டே இருக்கிறது, எல்லாரும் அன்பாகத்தான் அனுப்புகிறார்கள், ஆனால் பரீட்சை முடித்த பிள்ளைக்கு அதை மட்டும் தனியாக அனுப்பினால் நீ நினைத்த கல்லூரி கிடைக்கும், நினைத்த வேலை கிடைக்கும் என்று சொல்வது போல ஆகிவிடுகிறது. அது எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு எழுதிய கடிதம். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் சிறைபிடித்துக்கொண்டு போன ஜனங்களுக்கு எழுதியது. முந்தின அதிகாரத்தில்தான் அனனியா என்கிற பொய்த் தீர்க்கதரிசி வந்து, இரண்டே வருஷம், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி எருசலேமில் இருந்த ஜனங்களைக் குளிரவைக்கிறான். எரேமியா 70 வருஷம் என்கிறார். அப்படியென்றால் அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் எத்தனை பேர் உயிரோடு ஊர் திரும்பியிருப்பார்கள்?

தம்பி: அட ஆமாம், 10-ஆம் வசனத்திலேயே 70 வருஷம் இருக்கிறது. அடுத்த வசனம் மனப்பாடம், இது கண்ணில் படவே இல்லை.

நான்: 5-லிருந்து பார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் போய்ச் சேர்ந்த பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம் பண்ணுங்கள் என்று வரிசையாக வருகிறது. தங்களைச் சிறைபிடித்தவர்களின் பட்டணத்துக்காக! அவனுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான். கேட்டது கிடைக்காமல் வேறெங்கோ போய்ச் சேர்ந்தாலும் அங்கே பெட்டியைப் பிரித்து அடுக்கிவிட வேண்டும், பக்கத்தில் இருப்பவர்களுக்கு நல்லது செய்ய வேண்டும், இது கொஞ்ச நாளைக்குத்தானே என்று மூலையில் ஒதுங்கி நிற்கக் கூடாது. நல்ல மார்க் வரட்டும் என்றும் ஜெபிக்கிறேன், அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் அது அவன் வாழ்க்கையில் சின்னப் பங்குதான்.

அக்கா: நீ சொல்வது சரிதான். ஒன்று எழுத வேண்டும் போல இருக்கிறது, பிள்ளைகள் யாரும் இந்தக் குழுவில் இல்லை என்பதால் எழுதுகிறேன். என் பெரியவன் பள்ளி முடித்தபோது நாங்களும் இப்படித்தான் சந்தோஷமாக இருந்தோம். ஞாயிறு பள்ளியை அவன் விட்டதே இல்லை, 23, 91, 121 எல்லாச் சங்கீதமும் மனப்பாடம், குடும்ப ஜெபத்தில் அவன்தான் பாட்டை எடுப்பான். கல்லூரிக்குப் போய் இரண்டாவது வருஷம் ஆலயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டான். சண்டை கிண்டை எதுவும் இல்லை, எனக்கு நம்பிக்கை வரவில்லை அம்மா என்று சாதாரணமாகச் சொன்னான். பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, முதிர்வயதிலும் அதை விடமாட்டான் என்று இருக்கிறது, நடத்தினோமே! யாராவது அந்த வசனத்தை எடுத்தாலே எனக்கு நெஞ்சை அடைக்கிறது. உன் பையனுக்கும் அப்படி ஆகும் என்று நான் சொல்லவரவில்லை, தப்பாக நினைக்காதே.

நான்: தப்பாக நினைக்க என்ன இருக்கிறது, நீ எழுதியது நல்லது அக்கா. அந்த வசனம் ஒரு நீதிமொழி, பொதுவாக எப்படி நடக்கும் என்று சொல்கிறது. தேவன் அம்மா அப்பாவோடு போட்டுக்கொண்ட ஒப்பந்தம் இல்லை அது. அதே நீதிமொழிகளில் முதல் அதிகாரத்திலேயே, என் மகனே, தகப்பன் சொல்வதைக் கேள், தாய் சொல்வதைத் தள்ளாதே என்று கெஞ்சுவது போல வருகிறது. கேட்காமல் போகவும் அவனால் முடியும், அதனால்தானே கெஞ்ச வேண்டியிருக்கிறது. அந்த வசனத்தை வைத்து உன்னை நீயே குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதே, வேறு யாரும் ஏற்றவும் விடாதே.

அத்தான்: நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. ஒன்று மட்டும். ஆசாரியன் ஏலியின் பிள்ளைகள் கெட்டுப்போனதற்கு அவர் அவர்களை அடக்கவில்லை என்று வேதமே காரணம் சொல்கிறது. அவரிடம் வளர்ந்த சாமுவேல் தீர்க்கதரிசியைப் பற்றி அப்படி ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனாலும் 1 சாமுவேல் 8-ஆம் அதிகாரத்தில் அவர் மகன்கள் யோவேலும் அபியாவும் லஞ்சம் வாங்கி நியாயத்தைப் புரட்டுகிறார்கள். அந்தப் பக்கத்தை நான் அடிக்கடி எடுத்து வாசிக்கிறேன். ஆறுதல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்களே.

அம்மா: மாப்பிள்ளை, உங்கள் மகனுக்காக நான் ஒரு நாளும் ஜெபிக்காமல் படுத்ததில்லை.

அத்தான்: தெரியும் அத்தை.

நான்: அக்கா, மோனிக்காவின் மகன் அகஸ்டின், பல வருஷம் விசுவாசத்துக்கு வெளியே இருந்து பின்னால் சபையின் பெரிய போதகர் ஆனவர், அவர் கதை உனக்குத் தெரியும், ஆனால் அவர் ரோமுக்குப் போன விதம் தெரியுமா? கி.பி. 383-ல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜிலிருந்து கிளம்பும்போது அம்மா விடமாட்டேன் என்கிறார், போனால் நானும் வருவேன் என்கிறார். ஒரு நண்பனை வழியனுப்பப் போகிறேன் என்று பொய் சொல்லி, துறைமுகத்துப் பக்கம் சிப்ரியன் பேரில் இருந்த ஆலயத்தில் அம்மாவை அன்று இரவு தங்கவைத்துவிட்டு இவர் கப்பல் ஏறிவிட்டார். அந்த இரவெல்லாம் மோனிக்கா அழுது ஜெபித்தது மகன் போகக் கூடாது என்றுதான். அகஸ்டினே பின்னால் எழுதுகிறார், அன்று அவள் கேட்டதைத் தேவன் கொடுக்கவில்லை, அவள் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்ததைக் கொடுப்பதற்காக என்று. ரோமிலிருந்து மிலானுக்குப் போனார், அங்கே பேராயராக இருந்த ஆம்புரோசின் பிரசங்கத்தைக் கேட்டார், 387 ஈஸ்டருக்கு ஞானஸ்நானம். அப்போது வயது 32. எல்லார் வீட்டிலும் இதே போல முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். போகக் கூடாது என்று அம்மா அழுத இடம் வழியாகவே தேவன் அவரைக் கூட்டிக்கொண்டு போனாரே, அதுதான் என் மனதில் நிற்கிறது.

அக்கா: பொய் சொல்லிவிட்டா போனார்! இது எனக்குத் தெரியாது. என் பெரியவன் முகத்தைப் பார்த்து உண்மையைத்தான் சொன்னான்.

நான்: அதைச் சின்ன விஷயமாக நினைக்காதே. உன்னிடம் சொல்லலாம் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. தோமாவும் இயேசு உயிர்த்தெழுந்ததை எட்டு நாள் நம்பாமலேயே மற்ற சீஷர்களோடு இருந்தார், அவர்கள் யாரும் அவரை வெளியே தள்ளவில்லை. இயேசு வந்தபோது அவர் அந்த வீட்டுக்குள்தான் இருந்தார்.

தம்பி: பெரியக்கா, போன மாதம் அவனோடு பேசினேன். ரொம்ப நேரம் பேசினோம். உங்களைப் பற்றி மரியாதையாகத்தான் பேசுகிறான்.

நான்: இந்த மாதம் முழுக்க நான் 1 சாமுவேல் 3-ஐ விட்டு நகரவே இல்லை. சாமுவேல் தேவனுடைய பெட்டி இருக்கிற இடத்திலேயே படுத்திருக்கிறான், ஆலயத்தில்தான் வளர்கிறான், அங்கேதான் வேலை செய்கிறான். அப்படியும் 7-ஆம் வசனம் ‘சாமுவேல் கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான்’ என்கிறது. கர்த்தர் பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஏலிதான் கூப்பிட்டார் என்று நினைத்து எழுந்து ஓடுகிறான், அதுவும் மூன்று தடவை. நம் பிள்ளைகளும் இத்தனை வருஷம் நம் குரலுக்குத்தானே எழுந்து வந்தார்கள்? ஆலயத்துக்கு நேரமாச்சு என்றால் கிளம்பினார்கள், ஜெபம் பண்ணு என்றால் கண்ணை மூடினார்கள். ஏலிக்கு எத்தனையோ குறை உண்டு, ஆனால் அன்று இரவு சரியாகச் செய்தார். போய்ப் படுத்துக்கொள், மறுபடியும் கூப்பிட்டால் ‘கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன்’ என்று சொல் என்று அனுப்பிவிட்டார். கூடப் போய்ப் பக்கத்தில் உட்காரவில்லை, அவனுக்காகத் தானே பதில் சொல்லவும் இல்லை. இனிமேல் எனக்கும் அவன் அப்பாவுக்கும் மிச்சம் இருக்கிற வேலை அதுதான் என்று தோன்றுகிறது. கஷ்டமான வேலை.

அம்மா: சாமுவேலின் அம்மா அன்னாளை விட்டுவிட்டாயே. பால் மறந்த பிள்ளையைக் கொண்டுபோய் விட்டவள். வருஷத்துக்கு ஒரு தடவை சின்னச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போவாள். பிள்ளை கண் முன்னால் இல்லை, எவ்வளவு வளர்ந்திருப்பான், தோள் எவ்வளவு அகன்றிருக்கும் என்று மனக்கணக்குப் போட்டுத்தானே துணியை வெட்டியிருப்பாள். நீ முதல் தடவை விடுதிக்குப் போனபோது உன் தலையணை உறைகளை நானே தைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? தைத்துக்கொண்டே ஜெபித்தேன். இப்போது உன் முறை.

நான்: ஞாபகம் இருக்கிறது அம்மா. ஓரத்தில் நீல நூல் போட்டிருந்தீர்கள்.

நான்: ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் தேதி பார்ப்பதற்காக அவன் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த பரீட்சை அட்டவணை பக்கம் போனேன். ஒவ்வொரு பரீட்சைக்கும் எதிரே பென்சிலால் ஒரு பெயர் எழுதியிருந்தது, எல்லாம் கூடப் படிக்கிற பிள்ளைகள். ஒரு பெயருக்குப் பக்கத்தில் ‘அப்பா ஆபரேஷன்’, இன்னொன்றுக்குப் பக்கத்தில் ‘இயற்பியல் பயம்’. என்னடா இது என்று கேட்டேன். அன்றன்றைக்கு அவங்களுக்காக ஜெபித்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஷூ லேஸைக் கட்டப் போய்விட்டான். நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை, ஞாயிறு பள்ளியிலும் இப்படி யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. மார்க் எவ்வளவு வந்தாலும் சரி, எனக்கு அந்தப் பென்சில் எழுத்து போதும் என்று அன்று ஸ்தோத்திரம் சொன்னேன்.

அக்கா: கண் கலங்குகிறது. கர்த்தருக்கு மகிமை.

தம்பி: அப்படியென்றால் இனிமேல் அவன் பிள்ளை இல்லை, இந்தக் குழுவில் சேர்த்துவிடலாமா? எழுந்துவிட்டான் போல, எனக்கு நன்றி மாமா என்று மெசேஜ் வந்திருக்கிறது.

அம்மா: சேர், சேர்.

(தம்பி ஒரு புதிய உறுப்பினரைச் சேர்த்தார்)

மகன்: எல்லாருக்கும் வணக்கம். பாட்டி, இதோ ஐந்து நிமிஷத்தில் போன் பண்ணுகிறேன்.

அக்கா: வா ராசா, பெரியம்மாவின் வாழ்த்துகள்.

நான்: வந்துவிட்டாயா. எல்லாரும் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன், நேரில் ஆரம்பித்தால் எனக்கு அழுகை வந்துவிடும். நீ கேட்ட படிப்பு கிடைக்க நாங்கள் ஜெபிக்கிறோம், கிடைக்காவிட்டாலும் தேவனுக்கு உன் மேல் இருக்கிற நினைவு மாறாது. எங்கே போனாலும் முதல் மாதத்திலேயே ஒரு சபையைத் தேடிக்கொள், பாட்டு நன்றாக இருக்கிறது என்று பார்த்து மட்டும் போகாதே, நீ ஒரு வாரம் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கிற மனிதர்கள் இருக்கிற இடமாகப் பார். பெரியவர்கள், குழந்தைகள், நோயாளிகள் எல்லாரும் இருக்கட்டும், உன் வயதுப் பிள்ளைகள் மட்டும் இருந்தால் யாருக்கும் ஒத்தாசை செய்யக் கற்றுக்கொள்ள மாட்டாய். ஒரு பொய் சொன்னால் காரியம் முடிந்துவிடும் என்கிற நாள் வரும், அன்று காரியம் முடியாமலே போகட்டும், விடு. சந்தேகம் வந்தால் எங்களிடம் கேள், எங்களுக்குப் பதில் தெரியாத கேள்வியாக இருந்தாலும் கேள், ஒளித்து வைக்காதே. வேறு நம்பிக்கை உள்ள நண்பர்கள் கிடைப்பார்கள், அவர்களை நேசி, அவர்கள் சொல்வதை முழுசாகக் கேட்டுவிட்டுப் பேசு. தோற்றுப்போனாலும், தப்பு செய்தாலும், பணத்தில் மாட்டிக்கொண்டாலும், முதல் போன் வீட்டுக்குத்தான் வர வேண்டும். அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார்.

மகன்: சரி அம்மா. முழுசாகப் படித்தேன், இரண்டு தடவை.

மகன்: நானும் ஒன்று கேட்கலாமா? தினமும் காலையில் வசனம் அனுப்பிவிட்டு வாசித்தாயா, ஜெபித்தாயா என்று கேட்க வேண்டாம். கேட்டால் உங்களுக்காக வாசிப்பது போல ஆகிவிடும். அதற்குப் பதிலாக ஞாயிறு சாயங்காலம் நானே கூப்பிடுகிறேன், அந்த வாரம் என்ன வாசித்தேன், எது புரியவில்லை என்று சொல்கிறேன். எல்லாரும் சேர்ந்து ஜெபிக்கலாம்.

அத்தான்: நல்ல யோசனை.

நான்: சரி. காலையில் கேட்க மாட்டேன். உனக்காக ஜெபிப்பேன், அதை நிறுத்தச் சொல்லாதே.

மகன்: அதை நிறுத்திவிடாதீர்கள் அம்மா.

அக்கா: அந்த ஞாயிற்றுக்கிழமை அழைப்புக்கு என் பெரியவனையும் கூப்பிடலாமா? ஜெபத்துக்கு இல்லாவிட்டாலும், பேச்சுக்காவது வரட்டும். வந்தால் யாரும் அவனிடம் எதுவும் கேட்கக் கூடாது.

தம்பி: கேட்க மாட்டோம் பெரியக்கா.

மகன்: நானே அண்ணாவைக் கூப்பிடுகிறேன் பெரியம்மா. கல்லூரி பற்றி அவரிடம் நிறையக் கேட்க வேண்டியிருக்கிறது.

அத்தான்: நானும் இப்போது போன் பண்ணினேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான். முடியாது என்று சொல்லவில்லை.

அம்மா: எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள், நான் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மகன்: ஏழு மணிக்குப் பாட்டி. வீடியோ கால்.